எவரும் வேண்டாம்

எங்கள் மலையூர் சார்-அரிக்கில் மார்ச் மாதக் கடைசியில் ஒரு வேலையும் உருப்படியாக நடக்காது. பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிவிடும். பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் ஒரு காலணியைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு மறு காலணியோடு வந்து நிற்கும். ஆடுகள் குட்டி போடுகிற நேரம் வேறு. இந்தச் சமயம் பார்த்துத்தான், புது ஓட்டு இயந்திரத்துக்கு ஒத்திகை வைக்க எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக மாவட்டத்தில் இருந்து சொல்லியனுப்பினார்கள். சேறு, குளிர், நினைத்தபோது போகிற மின்சாரம் மூன்றும் ஒரே ஊரில் கிடைப்பதால் எங்களைப் பிடித்தார்களாம். எங்களுக்கு வருகிற பெருமையெல்லாம் இப்படித்தான் வரும்.

நான் அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக் குழுவின் செயலாளர். தலைவர், எங்கள் தலைமையாசிரியர் ஷார்ஷென். சத்தமாகப் பேசுவார், மாவட்டத்தில் இருந்து யார் வந்தாலும் சத்தம் குறைந்துவிடும். குழுவில் மூன்றாவது ஆள் சதார்குல் அண்ணன். அவர்தான் ஊர் நீர்க்கட்டி. மலையில் இருந்து இறங்குகிற ஒற்றை வாய்க்காலில் யாருக்கு எந்தப் பொழுது தண்ணீர் என்று முறை வைப்பவர். என் வயதுக்காரர்களுக்கு வேறு நீர்க்கட்டியைத் தெரியாது. அவர் வீடு எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு வேலியும் ஒரு கால்வாயும்தான்.

ஒத்திகையைத் திட்டமிட ஆசிரியர் அறையில் கூடினோம். மாவட்டத்தில் இருந்து சைகால் என்றொரு பெண் வந்திருந்தாள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். நகரத்துச் செருப்போடு வந்து, சேற்றைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோய், அடுப்புப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஊற்றினோம். சதார்குல் அண்ணன் துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்து மேசையில் வைத்தார். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள். அன்று வியாழக்கிழமை. எண்ணெய் காய்கிற வாசனை இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்று வியாழக்கிழமைகளில் பொரிப்பது எங்கள் வழக்கம். மற்ற வீடுகளில் மறந்தும் போகும். அவர் மனைவி கான்ஷாயிம் அண்ணி, போன கோடையில் இருந்து ஒரு வியாழனையும் விட்டதில்லை.

போன கோடையில்தான் அவர்களுடைய மூத்த மகன் எர்மெக் போனான். வாய்க்கால் ஆற்றில் இருந்து பிரிகிற இடத்தில் மேல்மடை இருக்கிறது. பனி வேகமாக உருகுகிற நாட்களில் அங்கே இரும்புக் கதவை இறக்காவிட்டால் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடும். கதவை இறக்க இரண்டு ஆள் வேண்டும், தண்ணீருக்கு மேலே போட்ட ஒற்றைப் பலகையில் நின்று சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அப்பனும் மகனும்தான் நின்றார்கள். அப்பன் திரும்பிப் பார்த்தபோது எதிரில் ஆள் இல்லை. கீழ்ப்பாலத்துக்குப் பக்கத்தில் எடுத்தோம். நாற்பதாம் நாள் சடங்கு முடியும் முன்பே சதார்குல் அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார். தண்ணீர் யாருக்காகவும் நிற்காது என்றார். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் உருளைக்கிழங்குச் செடிகளும் வாடிக்கொண்டுதான் இருந்தன.

அண்ணி அழுததை அடக்கத்தன்று பார்த்தது. அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பால் கறந்தாள், ரொட்டி சுட்டாள், சாணத்தைத் தட்டிக் காயவைத்தாள். ஒருநாள் ரொட்டி அடுப்பில் கை பட்டு முழங்கை வரை கொப்புளம் போட்டிருந்தது. என் மனைவி பதறிப்போய்க் கேட்டதற்கு, "ஆமா, சுட்டிருக்கு" என்று யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சொன்னாளாம். மரத்துப்போன மனுஷி. அண்ணனும் அப்படித்தான் ஆகிவிட்டார். ஆனால் அவருக்குப் போக ஒரு வாய்க்கால் இருந்தது.

இப்போது அடுத்த வசந்தம் வந்துவிட்டது. மேல்மடைக்கு இரண்டாவது ஆள் வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்தது சின்னவன் தாலாய். அவனைக் கூட்டிப்போவது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார், அவனும் தலையாட்டிவிட்டான். வாய்க்கால் தூர்வாருகிற நாளில் ஊர் கூடி அவரை மறுபடியும் நீர்க்கட்டியாக்கினால், ஜூன் மாதம் தாலாய் அந்தப் பலகையில் நிற்பான். அண்ணி இதை என் மனைவியிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், சேமியாவுக்கு மாவு அரிந்துகொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். அண்ணனிடம் சொல்லிப் பாரேன் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அண்ணி மாவை அரிந்துகொண்டே இருந்தாளாம்.

சைகால் தன் திட்டத்தை விளக்கினாள். இரண்டு பெட்டிகள் வரும். முதல் பெட்டியில் கண்ணாடி மேல் விரலை வைத்தால், போன வருஷம் விரல் ரேகையோடு பதிந்துபோன ஆளின் படம் தெரியும், உடனே ஓட்டுச்சீட்டைக் கொடுத்துவிடலாம். மறைப்புக்குப் போய்ப் பேனாவால் குறி போட்டு, சீட்டை இரண்டாவது பெட்டியின் வாயில் வைத்தால் அதுவே இழுத்துக்கொண்டு எண்ணிவிடும். ஓட்டு முடிந்த சற்று நேரத்தில் துண்டுக் காகிதத்தில் கணக்கைத் துப்பிவிடும். ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, குளிரில் பெட்டி மக்கர் செய்கிறதா, மின்சாரம் போனால் என்ன செய்வது, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். ஓட்டு வெறும் ஒத்திகை, கணக்கு எதற்கும் செல்லாது.

ஷார்ஷென் ஜெனரேட்டருக்கு டீசல் யார் தருவது என்று கவலைப்பட்டார். நான் மேசைகளை எங்கே போடுவது என்று படம் வரைந்தேன். குளிரில் வெடித்த விரல்களுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவிக்கொண்டு வருவார்களே என்று சந்தேகம் வந்தது. கண்ணாடியில் கொழுப்பு கூடாது, வெந்நீரும் சோப்பும் வாசலிலேயே வையுங்கள் என்றாள் சைகால். விரல் சமாசாரத்தில் சதார்குல் அண்ணனுக்குத்தான் ஒன்று புரியவில்லை. எங்கள் ஊரில் தேர்தல் என்றால் வீட்டுத் தலைவர் எல்லாருடைய அடையாள அட்டைகளையும் ஒரு கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வருவார், எல்லாருக்குமாகக் குறி போட்டுவிட்டுப் போவார். பெண்கள் இந்தச் சேற்றில் எதற்கு நடப்பது என்பது நியாயம்.

"வீட்ல நாலு ஓட்டு. நான் வந்தா பத்தாதா?" என்றார்.

"உங்க விரல் உங்களுக்கு மட்டும்தாங்க செல்லும்," என்றாள் சைகால்.

"அப்ப பொம்பளைங்களும் நடக்கணும்."

"எல்லாரும் நடக்கணும்."

அவர் சரி என்று தலையாட்டினார். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்த சிக்கல், சீட்டில் யார் பெயரைப் போடுவது. உண்மையான வேட்பாளர், கட்சிப் பெயர் எதுவும் கூடாது. வேறொரு ஊரில் பழங்களின் பெயரைப் போட்டார்களாம், ஆப்பிள் ஜெயித்ததாம். சதார்குல் அண்ணன் சிரித்தார். அந்த வருஷம் அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

"ஆப்பிளுக்கு ஓட்டுப் போட எவன் சேத்துல நடந்து வருவான்? என் பேரைப் போடுங்க. எப்படியும் அடுத்த வாரம் நீர்க்கட்டி கூட்டம் இருக்கு. அதையே இங்க விளையாட்டாப் போட்டுப் பாப்போம். ஊரே வரும்."

ஷார்ஷெனுக்குப் பிடித்துவிட்டது. அவரை எதிர்த்து ஒரு பெயர் வேண்டுமே. யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் டிராக்டர் ஓட்டுகிற ஜூனூஷ் மாட்டினான். உழுதுகொண்டிருக்கும்போதே தூங்கி, பக்கத்து ஊர் நிலத்தையும் கொஞ்சம் உழுதுவிட்டு வருகிறவன். அவன் பெயரைச் சொன்னதும் அறையே சிரித்தது. மூன்றாவதாக, எங்கள் சட்டப்படி எல்லாச் சீட்டிலும் வருகிற வரி: எவரும் வேண்டாம். அது வழக்கமாக வருவது, யாரும் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

ஒத்திகை நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. ஆனாலும் ஊர் வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் அடுப்பு எரிய, வாசலில் வெந்நீர் வாளி, சோப்பு, துண்டு. ஏதோ விருந்துக்கு வந்தவர்கள்போலக் கையைக் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதல் பெட்டி ஒருத்தர் விரலையும் முதல் தடவையில் ஏற்கவில்லை. எங்கள் விரல்கள் அப்படி. வேறு விரல் வை, ஊதிவிட்டு வை, சூடு பண்ணிவிட்டு வை என்று சைகால் ஒவ்வொருவரிடமும் மன்றாடினாள். பிறகு திரையில் படம் வரும், ஆளைவிட ஒரு வயது இளையதாக. பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

சதார்குல் வீட்டார் நடுப்பகலில் வந்தார்கள். அவர் முன்னே, தாலாய் பின்னே, அவனுக்குப் பின்னே அண்ணி, கடைசியாக மருமகள், தாலாயின் மனைவி பெகிமாய். அண்ணியின் விரல் மூன்றாவது தடவை ஏற்றது. திரையில் வந்த படத்தை அவள் பார்த்தாள். அந்தப் படம் முந்தின வருஷம் எர்மெக் இருந்தபோது எடுத்தது. சீட்டை நான்தான் கொடுத்தேன். என் பங்குக்கு, பேனா உள்ளே கட்டியிருக்கிறது அண்ணி என்றேன். அவள் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். வாழ்நாளில் முதல் ஓட்டுச்சீட்டு. மறைப்புக்குள் போனவள் சீக்கிரம் வரவில்லை. வரிசையில் யாரோ, என்ன அண்ணி அங்கேயே ரொட்டி சுடுறீங்களா என்று கேட்டான். வந்தாள், பெட்டியின் வாயில் சீட்டை வைத்தாள். பெட்டி இழுத்துக்கொண்டபோது கையைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள்.

மின்சாரம் இரண்டு தடவை போனது, ஜெனரேட்டர் இரண்டு தடவையும் கிளம்பியது. ஷார்ஷெனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வழக்கமாக ஓட்டு முடிந்தால் பெட்டியைக் கவிழ்த்து, தேநீர் போட்டு, எண்ணி, மறுபடி எண்ணி, சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சொல்வோம். இந்தப் பெட்டி யோசிக்கவிடவில்லை. பொழுது சாய்ந்ததும் சைகால் ஒரு பொத்தானை அழுத்தினாள், பெட்டி கணக்குக் காகிதத்தைத் துப்பியது. வேடிக்கை பார்க்க நின்றிருந்த கூட்டத்துக்கு அவள் அப்படியே வாசித்துவிட்டாள். அவள் இந்த ஊர்க்காரி இல்லை, அவளுக்கு என்ன தெரியும்.

ஜூனூஷுக்குப் பாதிக்கு மேல். எவரும் வேண்டாம் என்று அடுத்த பெரிய பங்கு. சதார்குலுக்கு முப்பத்தொன்று.

முதலில் சிரித்தார்கள். ஜூனூஷ்தான் முதலில் நிறுத்தினான். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் வந்து, சத்தியமாகத் தானே தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை என்றான். அதற்கும் கொஞ்சம் சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராகத் துண்டைத் தேடுவதுபோலக் குனிந்து வெளியே நழுவினார்கள். சதார்குல் அண்ணன் அடுப்புப் பக்கத்தில் நின்றபடி, பெட்டி நல்லா வேலை செய்யுது, ரொம்ப நல்ல பெட்டி என்று சைகாலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மேசைகளைத் தூக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாட்களில் ஊர் அவர் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. நேரே வர முடியாதவர்கள் சாக்கு வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் கோடாரி கேட்டு வந்தான், ஒருத்தி தயிருக்கு உறை கேட்டு வந்தாள். எல்லாரும் போகிறபோது ஒன்றையே சொன்னார்கள், தான் அவருக்குத்தான் போட்டதாக. வந்தவர்களின் எண்ணிக்கை முப்பத்தொன்றை எப்போதோ தாண்டிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டார், தேநீர் ஊற்றச் சொன்னார். சாப்பிடுவதில்லை என்று தாலாய் வேலியோரம் என்னிடம் சொன்னான்.

மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டிய ஒத்திகை அறிக்கையில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. புதன்கிழமை போனேன். அடுப்பில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. அண்ணி கம்பளி பிரித்துக்கொண்டிருந்தாள். தாலாய் கதவோரம் காலணிக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான், மேல்மடைக்குப் போகிற நீளக் காலணி. அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"வாத்தி, ஊரை விடு. என் வீட்டுல நாலு ஓட்டு. நாலும் எனக்குத்தானா?"

நான் அதெல்லாம் ரகசியம், யாருக்கும் தெரியாது என்றேன். அவர் தாலாயைப் பார்த்தார். அவன் நிமிராமல், உங்களுக்குத்தான் போட்டேன் என்றான். உண்மைதான், அவனுக்குப் பொய் வராது. அடுத்து அவர் பார்வை உள்கதவுப் பக்கம் போனது. பெகிமாய் அங்கே தேநீர்க் கிண்ணங்களோடு நின்றிருந்தாள். மாமனார் நேராகப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் போடலே மாமா," என்றாள்.

தாலாய் காலணியைக் கீழே வைத்தான்.

"மாமா பேருமேல எப்படிக் குறி போடுறது? அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்லே. பேனாவால தொடுறதும் அப்படித்தானே. கடைசில யாரு பேரும் இல்லாம ஒரு வரி இருந்துச்சு. அதுல போட்டுட்டு வந்துட்டேன்."

அவள் சொன்னது எங்களுக்குப் புரியாததல்ல. எங்களிடம் மருமகள்கள் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மாமனார் பெயர் ஓநாய் என்றால் ஓநாய்க்கு வேறு பெயர் கண்டுபிடிப்பார்கள். மனைவிகளும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. பிள்ளைகளின் அப்பா என்பார்கள், நம்மவர் என்பார்கள். அந்தப் பெண் உண்மையாகவே மரியாதை பார்த்து அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறாள்.

சதார்குல் அண்ணன் பேனாவை வைத்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

"ஊர்ல பாதி எங்க வம்சம். அந்த வீடுகளுக்கு வந்த பொண்ணுங்க எல்லாத்துக்கும் நான் பெரிய மாமன் முறை. அத்தனை பேரும் என் பேரைத் தொடுவாளுகளா? எப்படித் தொடுவாளுக?"

முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. எழுந்தார், கோட்டை மாட்டினார், கையெழுத்தை மறந்துவிட்டு ஷார்ஷென் வீட்டுக்குப் போனார். போகிற வழியில் கம்பளி பிரித்துக்கொண்டிருந்த அண்ணியிடம், "நீயும் அப்படித்தானே?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. அண்ணி கம்பளியில் இருந்து ஒரு முள்ளை எடுத்து அடுப்பில் போட்டாள்.

ஷார்ஷெனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைத்திருக்காது. கண்ணியமான விளக்கம். அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தார்: பெயருக்குப் பதிலாக எண்ணோ சின்னமோ இருந்தால் மருமகள்களுக்கு வசதி. ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. தெருவில் ஆண்கள் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், தங்களுக்கு எந்த மாமன் பெயரும் தடையில்லை என்பதை மறந்துவிட்டு. நான் என் மனைவியைக் கேட்டேன், அவளும் அந்த வம்சத்துக்கு வந்த மருமகள்தானே.

"எழுத்தைத் தொட்டா ஒண்ணும் இல்ல, வாயால சொன்னாத்தான்," என்றாள்.

அப்படியானால் நீ எதில் போட்டாய் என்றேன். அதைத்தான் ரகசியம் என்று அந்த மாவட்டத்துப் பெண் சொன்னாளே என்று சொல்லிவிட்டுக் குட்டிக்குப் பால் காட்டப் போய்விட்டாள்.

வாய்க்கால் தூர்வாருகிற நாள் வெயிலோடு விடிந்தது. வீட்டுக்கு ஒரு மண்வெட்டி என்று மேலிருந்து கீழ்வரை வரிசையாக இறங்கினோம். குளிர்காலத்துச் சருகு, கல், செத்த நாய், பிளாஸ்டிக் குப்பி எல்லாம் கரையேறின. மதியம் மேல்மடைக்குப் பக்கத்தில் ஆடு அறுத்து, பெரிய கொப்பரையில் வேகவைத்து, ஓதி, சாப்பிட்டுவிட்டு நீர்க்கட்டியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஆறு அப்போது சின்னதாகத்தான் ஓடியது. அந்த ஒற்றைப் பலகையை மாற்றிப் புதுசு போட்டிருந்தார்கள், மரம் மஞ்சளாக இருந்தது. அண்ணி மற்ற பெண்களோடு கொப்பரைப் பக்கம் நின்று, இறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகு அந்தப் பலகைக்கு இருந்தது. தாலாய் அதன்மேல் ஏறி, தாங்குகிறதா என்று குதித்துப் பார்த்தான்.

ஷார்ஷென் எழுந்தார். போன வாரம் நடந்தது இயந்திரத்துக்கு வைத்த சோதனை, மனிதர்களுக்கு அல்ல என்றார். அதில் நேர்ந்த பிசகு என்ன என்பது எல்லாருக்கும் தெரியும் என்றார். பெண்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். ஆண்களும் சிரித்தார்கள்.

"இப்ப பெட்டியும் இல்ல, விரலும் இல்ல. நம்ம வழக்கப்படி கையைத் தூக்குங்க. சதார்குல் அண்ணனுக்கு யாரு யாரு?"

எல்லாக் கையும் மேலே போனது. ஜூனூஷ் இரண்டு கையையும் தூக்கினான். என் கையும் போனது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூக்காமல் இருக்க எந்த ஊரில் ஆள் உண்டு. அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். ஊர் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா, நானும் தாலாயும் பார்த்துக்கொள்கிறோம் என்று தொடங்கினார்.

"சதார்குல்."

யார் கூப்பிட்டது என்று தெரியாமல் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அண்ணி கத்தியைத் துணியில் துடைத்து இறைச்சிக் கட்டை மேல் வைத்துவிட்டு, கொழுப்புக் கையோடு நாலு எட்டு முன்னே வந்திருந்தாள்.

"சதார்குல். சொல்லிட்டேன் பாருங்க, நாக்கு ஒண்ணும் அழுகிப் போகலே." குரல் ஏறவில்லை. முழங்கைக் கொப்புளத்தைப் பற்றிச் சொன்ன அதே குரல். "அன்னைக்கு உங்க பேரைத் தொடக் கூடாதுன்னு விடலே. பேரு மொதல்ல இருந்துச்சு. நல்லாப் படிச்சேன். தொடலே. ஜூனூஷ் பேரு இருந்துச்சு. அவனும் ஒருத்தி பெத்த புள்ள, அதையும் தொடலே. எவரும் வேண்டாம்னு இருந்துச்சு. அதுல போட்டேன்."

தூக்கிய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சில கைகள் பாதியில் நின்றன.

"எவனும் வேண்டாம் இந்த மடைக்கு. வாய்க்கா உடைஞ்சா உடையட்டும். வூடு நனைஞ்சா காய வெச்சுக்கலாம். தாலாயை இறங்கச் சொல்லுங்க."

தாலாய் யார் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. பலகையில் இருந்து இறங்கி, கரையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். பெகிமாய் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சதார்குல் அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. முப்பத்தொன்றைக் கேட்டபோது அடுப்போரம் நின்றாரே, அந்த முகம்தான். அண்ணிக்குக் கிட்டே போனார். எங்கள் எல்லாருக்கும் கேட்டது, ஆனால் அவளிடம் மட்டும்தான் கேட்டார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலே?"

அண்ணி யோசித்தாள். அவள் அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் தேடினாள் என்று நினைக்கிறேன்.

"யாரு கேட்டா?" என்றாள். "அந்தப் பொட்டிதான் மொதல்ல கேட்டுச்சு."

அவர் எங்கள் பக்கம் திரும்பி, கையை இறக்குங்க என்றார். இறக்கினோம்.